காற்றுப் புகாமல் வித்தைக் காப்போம்

இப்பாடத்தின் நோக்கம்: பயறு, உழுந்து, கௌபி, விதைநெல் ஆகியவற்றை அடுத்த போகம் வரை கெடாமல் வைப்பதற்கு எந்தப் பாத்திரம், எந்தப் பை, எந்த இயந்திரம் கொடுக்கும் காசுக்குத் தகுந்தது என அறிந்துகொள்ளல்.

அறுவடை முடிந்து மூன்று மாதத்தின் பின் பயற்றுச் சாக்கை அவிழ்க்கிறோம். கையை விட்டால் மாவும் வண்டும் வருகின்றன. பயறு ஒவ்வொன்றிலும் ஒரு துளை. கறிக்கும் உதவாது, விதைத்தாலும் முளைக்காது. இது நம்மில் பலர் கண்ட காட்சி.

சொந்தக் காணியில் இருப்பவருக்கு இது ஒரு நட்டம். இடம்பெயர்ந்து குத்தகைக் காணியிலோ உறவினர் வளவிலோ பயிர் செய்யும் குடும்பத்துக்கு இது கடன். வித்து இல்லையேல் விதைப்புக் காலத்தில் கூடிய விலைக்குக் கடனாக வாங்க வேண்டும். விளைந்ததும் குறைந்த விலைக்கு விற்று அக்கடனை அடைக்க வேண்டும். ஒரு ஏக்கர் பயற்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ வித்துத் தேவை. அந்த 12 கிலோவைக் காப்பாற்றினால் அடுத்த போகம் நமது கையில் இருக்கும்.

இப்போது வக்கியூம் சீலர் எனப்படும் சிறு இயந்திரம் கடைகளில் கிடைக்கிறது. பையிலுள்ள காற்றை இழுத்து, வாயைச் சூட்டினால் ஒட்டிவிடும். சில வீடுகளுக்கு வெளிநாட்டு உறவினர் அனுப்பியும் உள்ளனர். "இதை வாங்கலாமா?" என்று கேட்பவர்கள், அது என்ன வேலையைச் செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது.

1. வண்டு எங்கிருந்து வருகிறது?

வண்டு சாக்கில் பிறப்பதில்லை. பயறு வயலில் நிற்கும்போதே பெண் வண்டு காயின் மேல் முட்டையிடுகிறது. புழு வித்தைத் துளைத்து உள்ளே புகுந்து, உள்ளேயே தின்று வளர்கிறது. ஆகவே வெளிப்பார்வைக்கு நல்ல பயறாகத் தெரிவதிலும் புழு இருக்கலாம். நமது வெப்பத்தில் மூன்று நான்கு கிழமையில் அது வண்டாகி வெளியே வரும். ஒரு பெண் வண்டு 100 முட்டைகள் வரை இடும். மூன்று தலைமுறை போதும், சாக்கு மாவாகிவிடும்.

2. காற்றை அடைத்தால் என்ன நடக்கும்?

வண்டுக்கும் மூச்சுத் தேவை. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன். அது 5 பங்கிற்குக் கீழே இறங்கினால் வண்டு தின்பதை நிறுத்தும், முட்டையிடாது, நாளடைவில் சாகும். இறுக மூடிய பாத்திரத்தில் உள்ளே இருக்கும் வண்டுகளே ஒட்சிசனைச் சுவாசித்து முடித்துவிடும். புதிய காற்று புகாமலிருந்தால் போதும்.

ஆபிரிக்காவிலுள்ள கமரூன் நாட்டில் 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கௌபிச் சேமிப்புக்காக இவ்வழியைக் கையாண்டனர். தடித்த பொலித்தீன் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக இட்டு, வெளியே சாதாரண உரப்பை போன்ற நெய்த பையை இட்டனர். மின்சாரமும் மருந்தும் தேவைப்படவில்லை. இன்று ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் அப்பை பாவனையில் உள்ளது.

நமது மூத்தோர் உழுந்தைச் சாம்பலில் புரட்டிப் பானையில் நிரப்பி, வாயை மண்ணால் பூசி மூடியதும் ஏறத்தாழ இதே முறைதான். சாம்பல் மணிகளின் இடைவெளியை நிரப்பி வண்டின் நடமாட்டத்தைத் தடுத்தது. மண்பூச்சு காற்றைத் தடுத்தது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கு திருத்த வேண்டும். பரலுக்குள் மெழுகுதிரி ஏற்றி மூடினால் காற்று எல்லாம் எரிந்துவிடும் என்பர். ஒட்சிசன் 16 பங்களவிற்கு இறங்கியதுமே மெழுகுதிரி அணைந்துவிடும். வண்டு அதிலும் உயிரோடிருக்கும். மெழுகுதிரியை நம்ப வேண்டாம், நல்ல மூடியை நம்புங்கள்.

3. முதலில் உலர்த்துங்கள்

ஈரமான தானியத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தால் அது வியர்த்து, புளித்து, முளைதிறனை இழக்கும். எந்த இயந்திரமும் இதைத் தடுக்காது. உணவுக்கான நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கும், வித்தில் 12 பங்கிற்கும் மேற்படக்கூடாது. ஈரம் ஒரு பங்கு குறைந்தால் வித்தின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் கண்ட பொது விதி.

• படங்கில் மெல்லியதாகப் பரப்பி அரை மணிக்கொரு தடவை கிளறுங்கள்.
• வித்தைத் தார் வீதியில் காயவிடாதீர்கள். 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் முளை சாகும். கடும் மத்தியானத்தில் நிழலுக்கு எடுங்கள்.
• சோதனை: உலர்ந்த போத்தலில் ஒரு பிடி தானியமும் சிறிது காய்ந்த உப்புத் தூளும் இட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். போத்தற் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 பங்கிற்கு மேல். மறுபடி காயவிடுங்கள். ஒட்டாவிட்டாலும் வித்துக்காயின் இன்னும் ஓரிரு நாள் வெயில் வேண்டும். பல்லால் கடித்தால் "டிக்" என உடைய வேண்டும்.
• காய்ந்ததைச் சூட்டோடு அடைக்காதீர்கள். ஆறவிட்டு, மழைக்குணம் இல்லாத நேரத்தில் அடையுங்கள்.

4. மூன்று வழிகள்

(அ) றப்பர் வளையமுள்ள மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பரல் அல்லது வாளி. எலி எளிதில் கடிக்காது, பல வருடம் உழைக்கும். 50 லீற்றர் பரலில் 40 கிலோ அளவு பயறு கொள்ளும். கழுத்துவரை நிரப்புங்கள். வெற்றிடம் குறைந்தால் ஒட்சிசன் விரைவில் தீரும். பூச்சிமருந்து இருந்த கொள்கலனை எத்தனை முறை கழுவினாலும் பாவிக்கக்கூடாது.

(ஆ) தடித்த உட்பை இட்ட சாக்கு. பரலிலும் மலிவு, சுமப்பதற்கும் இலகு. ஒவ்வொரு உட்பையின் வாயையும் தனித்தனியே முறுக்கி, மடித்துக் கட்டுங்கள். எலிக்கும் ஆணிக்கும் பயம். பலகை மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள்.

(இ) வக்கியூம் சீலர். ஒரு கிலோ, அரைக் கிலோ எனச் சிறு பொதிகளுக்கு உகந்தது. மரக்கறி வித்து, செத்தல் மிளகாய், வறுத்து ஆறவிட்ட பயறு, விற்பனைக்கான பருப்பு வகை ஆகியவற்றுக்கு நல்லது. நெல்லின் கூரிய நுனி பையைக் குத்தும் என்பதால் நெல்லுக்கு ஏற்றதல்ல.

5. இயந்திரம் வாங்குவதாயின்

• கைப்பம்பியால் காற்றிழுக்கும் பூட்டுப்பை மலிவு. மின்சாரம் வேண்டாம். ஆயினும் அதன் வாய் காலப்போக்கில் நெகிழும். சில கிழமைச் சேமிப்புக்கே நம்பலாம்.
• வீட்டுப் பாவனை இயந்திரத்திற்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் வரிவரியாகப் பொழிந்த பை வேண்டும். அப்பை ஊர்க்கடையில் தொடர்ந்து கிடைக்குமா, என்ன விலை என்று இயந்திரத்துக்கு முன் விசாரியுங்கள்.
• பை நைலோன் படை உள்ளதாக இருக்க வேண்டும். வெறும் பொலித்தீன் ஊடாக ஒட்சிசன் மெல்ல மெல்ல உட்புகும்.
• இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற். கனடாவிலிருந்து வரும் இயந்திரம் 120 வோல்ற்றுக்குரியதாக இருக்கலாம். நேரே செருகினால் எரிந்துவிடும். அடியிலுள்ள தகட்டைப் படித்துப் பாருங்கள்.
• கடையிலேயே ஒரு பையைக் காற்றோடு ஒட்டுவித்து, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை.
• ஒட்டும் கம்பியும் அதன் மேற்பட்டியும் தேய்பவை. அவை தனியாக வாங்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

6. கணக்குப் பார்ப்போம்

பின்வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையை இட்டு மீண்டும் செய்யுங்கள்.

இயந்திரம் 20,000 ரூபா, ஐந்து வருடம் உழைக்கும் என்க. வருடத்துக்கு 4,000. ஒரு குடும்பம் 40 கிலோவை 40 பையில் அடைத்தால், பை 50 ரூபா வீதம் 2,000. மொத்தம் 6,000. கிலோவுக்கு 150 ரூபா செலவு.

அதே இயந்திரத்தைப் பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கி 400 கிலோ அடைத்தால், 4,000 உடன் பைகளுக்கு 20,000. மொத்தம் 24,000. கிலோவுக்கு 60 ரூபா.

பரல் 4,000 ரூபா, எட்டு வருடம் உழைக்கும் என்க. வருடத்துக்கு 500. 40 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 12 ரூபா 50 சதம்.

ஆகவே தனிக்குடும்பம் வித்துக்கும் வீட்டு உணவுக்கும் பரலை வாங்குவதே இலாபம். பொதி செய்து விற்கும் மாதர் சங்கமோ கமக்காரர் குழுவோ இயந்திரத்தைப் பொதுவில் வாங்கலாம்.

7. அடைக்கக்கூடாதவை

இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள். காற்றில்லாத இடத்தில்தான் வளரும் ஒரு கிருமி உண்டு. அதன் நஞ்சு உடலை முடக்கி உயிரையும் பறிக்கும். உணவின் மணமோ நிறமோ மாறாமலிருக்கலாம். எனவே சமைத்த கறி, பச்சை மீன், இறைச்சி, உரித்த உள்ளி, காளான், அரைகுறையாகக் காய்ந்த கருவாடு ஆகியவற்றை வெற்றிடப் பையில் அடைத்து வெளியே வைக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மட்டுமே அடைக்கலாம், அதிலும் விரைவில் உண்ண வேண்டும். கரன்ற் அடிக்கடி நிற்கும் இடத்தில் அதையும் தவிர்ப்பது நல்லது. இந்த இயந்திரம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பதிலாகாது.

வெங்காயமும் கிழங்கும் மூச்சு விடுபவை. அவற்றுக்குக் காற்றோட்டமுள்ள கொட்டிலே வேண்டும்.

8. மீண்டும் நகர நேரிட்டால்

1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் கொம்பறையைத் தோளில் தூக்கிச் செல்ல முடியவில்லை. வெள்ளம் வந்தாலும் இதே நிலைதான். ஆகவே வித்தை உணவுத் தானியத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். ஒருவர் தூக்கக்கூடிய 10, 12 கிலோப் பொதிகளாகப் பிரித்து, பயிரின் பெயரும் அடைத்த திகதியும் எழுதுங்கள். ஒரு பங்கை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் வையுங்கள். உணவுக்கான பாத்திரத்தை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கும். வித்துப் பொதியை விதைப்பு வரை திறக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டுக்கு மூச்சுக் கொடுக்கிறோம்.

விதைப்புக்கு இரண்டு கிழமை முன் ஒரு பொதியிலிருந்து 100 வித்தை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். 80க்கு மேல் முளைத்தால் தயக்கமின்றி விதைக்கலாம். குறைந்தால் வேறு வித்துத் தேட அவகாசம் இருக்கும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. சென்ற போகத்தில் நமது ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கிலோ வண்டு தின்றது? அதன் பெறுமதியில் எத்தனை பரல் வாங்கலாம்?
2. நமது குழுவுக்குப் பொது இயந்திரம் தேவையா? யாருடைய வீட்டில் வைப்பது, பைச்செலவை எப்படிப் பங்கிடுவது?
3. செய்முறை: ஒரே பயற்றில் இரண்டு கிலோவை எடுத்து, ஒன்றைச் சாக்கிலும் மற்றதை இறுகிய வாளியிலும் நிறைய அடையுங்கள். மூன்று மாதத்தின் பின் கூட்டத்தில் இரண்டையும் திறந்து பாருங்கள்.