இரவிலும் படிக்கத்தக்க அறிவிப்புப் பலகை

ஊராட்சி அலுவலகத்தின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கவேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அநேகமாக எல்லா ஊர்களிலும் அது இருக்கவும் இருக்கிறது. ஆனால் அதை யார் படிக்கிறார்கள், எந்த நேரத்தில் படிக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. விவசாயக் கூலி வேலைக்குச் செல்வோர் பொழுது நன்கு புலருமுன்னரே புறப்பட்டுவிடுகின்றனர். பக்கத்து நகரத்தில் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்வோர் ஊர் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம் கடந்துவிடுகிறது. கார்த்திகை மாதத்தில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதைச் சொல்லவே வேண்டியதில்லை. பலகையின்மேல் வெளிச்சம் இருக்கும் பகற்பொழுதில் ஊரில் இருப்பவர் சிலரே. ஆகவே, அறிவிப்பு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே அதைப் படிக்க இயலாதவர்களாகின்றனர்.

இதனைச் சிறு விஷயம் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், வீட்டு வசதித் திட்டம் ஒன்றுக்குரிய பயனாளிகள் பட்டியல் ஆட்சேபணை கோரி வெளியிடப்பட்டது. பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. ஒட்டியதற்கு அத்தாட்சியாகப் புகைப்படம் எடுக்கப்பட்டுக் கோப்பிலும் சேர்க்கப்பட்டது. கெடு முடிந்து பத்து நாட்கள் சென்றபின் ஒரு மூதாட்டி அலுவலகத்திற்கு வந்தார். கணவர் பெயர் தவறாகப் பதிவாகியிருந்த காரணத்தால் அவருடைய பெயர் விடுபட்டுப் போயிருந்தது. "பட்டியல் போட்டிருந்ததே, ஏன் அம்மா அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "களை எடுக்க இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவள் ஐயா நான். என் மகள் படிப்பாள். அவளும் ராத்திரிதான் மில்லிலிருந்து வருவாள்" என்றார். கோப்பிலிருந்த புகைப்படத்தைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "படத்திலே நன்றாகத் தெரிகிறது" என்று மட்டும் சொன்னார். அவர் பெயர் அடுத்த பட்டியலில்தான் சேர்ந்தது. இடையில் வந்த மழைக்காலத்தை அவர் ஒழுகும் கூரையின்கீழ்க் கழிக்க நேர்ந்தது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அமைப்புகள் தாமாகவே வெளியிடவேண்டிய செய்திகளை 4ஆம் பிரிவில் கூறுகிறது. அச்செய்திகளைப் பரப்புதல் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் முதலில் வைக்கப்பட்டிருப்பது அறிவிப்புப் பலகையே. நாளிதழும் இணையமும் அதற்குப் பின்னரே வருகின்றன. மக்களுக்குத் தெரியும்படி செய்வது அதன் நோக்கம். தாளைச் சுவரில் ஒட்டிவிடுவதோடு அந்நோக்கம் நிறைவேறிவிடாது. கைப்பேசிக் குழுவில் செய்தி போட்டாயிற்றே என்று சில உறுப்பினர்கள் சொல்லக்கூடும். போடுங்கள், நல்லதுதான். ஆனால் அக்குழுவில் இல்லாதவர் யார் யார் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தால், மேற்சொன்ன மூதாட்டியைப் போன்றவர்களே அவர்களில் மிகுதியாக இருப்பதைக் காணலாம்.

ஆதலின், தாள்களை ஒழுங்காகத் தொங்கவிடவும், அவற்றின்மேல் விளக்கொளி படியவும் வசதியாக, சுவரில் பொருத்தும் சட்டம் ஒன்றை ஊர்த் தச்சரையும் மின்பணியாளரையும் கொண்டே அமைக்கும் முறையை இங்கு விவரிக்கிறேன்.

ஒட்டுவதா, தொங்கவிடுவதா?

மைதாப் பசை தடவி ஒட்டும் வழக்கத்தை முதலில் கைவிடவேண்டும். பசை தடவிய தாளை மாடு தின்றுவிடுவது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. அதனினும் பெரிய குறை, சென்ற மாத அறிவிப்பின்மேல் இந்த மாத அறிவிப்பை ஒட்டிவிடுவதுதான். கெடு முடியாத ஒரு பட்டியல், மறுநாள் வந்த தடுப்பூசி முகாம் விளம்பரத்தின் அடியில் புதைந்துபோவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். தொங்கவிட்ட தாளை நாட்காட்டியின் ஏடுபோல் தூக்கி, அடியிலுள்ளதையும் படிக்கலாம். வேண்டாதபோது கிழியாமல் எடுத்துக் கோப்பிலும் வைக்கலாம்.

சட்டத்தின் உள்ளளவு 4 அடி அகலமும் 3 அடி உயரமும் இருப்பது பொருத்தமானது. இதற்குக் காரணம் உண்டு. ஏ-3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர், உயரம் 420 மில்லிமீட்டர். எனவே, வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைகளில் எட்டுத் தாள்கள் அதில் அடங்கும். இலாகாக்கள் அனுப்பும் 20 அங்குலத்துக்கு 30 அங்குலச் சுவரொட்டியானால் இரண்டு அடங்கும். பக்கத்தில் சிறு குறிப்புகளுக்கும் இடம் எஞ்சும். பின்புறம் நீர் தாங்கும் ஒட்டுப்பலகை போதும். சுற்றிலும் வேம்பு அல்லது பூவரசு மரச்சட்டம் அமைக்கலாம். மேற்சட்டத்தின் கீழும் நடுவிலும் குறுக்காக இரண்டு மெல்லிய இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றில் நகர்த்தக்கூடிய கொக்கிகளை மாட்டவேண்டும். தாளின் தலைப்பில், நாட்காட்டிகளுக்குப் போடுவது போன்ற தகரப் பட்டையை அழுத்திவிட்டால் அதன் வளையம் கொக்கியில் தொங்கும். பெரிய சுவரொட்டிகள் காற்றில் சுருளாமலிருக்க, பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்திற்கு இருப்பது போல அடியில் ஒரு கோல் சேர்ப்பது நலம். தகரப் பட்டை போட அச்சகத்திற்குப் போகவேண்டுமே என்று தயங்கும் ஊர்களில், துணி உலர்த்தும் கிளிப்புகளைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். அழகு சற்றுக் குறையும், அவ்வளவே.

கண்ணாடிக் கதவு போடவேண்டும் என்று பலர் விரும்புவர். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. இரவில் கண்ணாடியில் விளக்கின் உருவந்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. தாள்களை எவரும் கிழிக்காமலிருக்கவேண்டுமானால் கோழிவலை அடித்த மரக்கதவு போதும்.

எந்தச் சுவர்?

தாழ்வாரத்தின் உட்சுவர் இருக்குமானால் வேறு யோசனைக்கே இடமில்லை. அங்கேதான் அமைக்கவேண்டும். வெளிச்சுவர் மட்டுமே உள்ள இடங்களில் சற்று ஆலோசிக்கவேண்டும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் சாய்ந்த வெயில் நேராக அடித்து மையை வெளுக்கச் செய்யும். தெற்குச் சுவரில் மார்கழி, தை மாதங்களில் நாள் முழுதும் வெயில் படும். வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று சிலர் நினைப்பதும் முழுவதும் சரியன்று. திருச்சிராப்பள்ளி இருக்கும் அட்சரேகையில், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு நான்காம் வாரம் வரை நண்பகற்சூரியன் வடபக்கத்தில் இருக்கிறது. எனினும் அவ்வெயில் செங்குத்தாக விழுவதால் ஒன்றரை அடி மறைப்பு அதைத் தடுத்துவிடும். வடக்குச் சுவருக்கு உண்மையான எதிரி வடகிழக்குப் பருவமழைச் சாரல். மறைப்பை இரண்டடியாக நீட்டி, இரு பக்கங்களிலும் தகரம் அடித்தால் அதையும் பெருமளவு சமாளிக்கலாம். இங்கே ஒரு சிறு குறிப்பு: இங்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிட்ட தாள் ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்து வழியும், லேசர் அச்சு அவ்வாறு கரைவதில்லை. மழை மாதங்களில் பட்டியல்களை லேசரில் அச்சிடுவது நல்லது.

பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 3 அடி உயரத்திலும், மேல்விளிம்பு 6 அடி உயரத்திலும் இருக்கட்டும். உயரமான ஆடவர் ஒருவர் தம் கண்மட்டத்திற்கு மாட்டிவிட்டுப் போகும் பலகையின் மேல்வரிகளைப் பெண்கள் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் படிக்கவேண்டியதைக் கீழ் வரிசையில் தொங்கவிடுவது முறை. படிகளுக்கு மேலோ, சாக்கடைக்கு அப்பாலோ பலகை அமைதல் கூடாது.

ஒளி விழும் விதம்

பெரும்பாலான ஊர்களில் பலகைக்கு விளக்கு போடுவது என்றால், அதன் தலைமேல் சுவரோடு ஒட்டி ஒரு குழல்விளக்கை மாட்டிவிடுகின்றனர். தலைப்பு பளிச்சென்று தெரிகிறது. கீழே பெயர்ப் பட்டியல் இருளில் கிடக்கிறது. ஒளி தூரம் செல்லச் செல்லக் குறைவதோடு, சாய்வாக விழும்போதும் குறைகிறது. விளக்கு பலகையின் மேல்விளிம்புக்கு அரை அடி மேலும், சுவரிலிருந்து ஓர் அடி முன்னும் இருந்தால், 3 அடி உயரப் பலகையின் கீழ்வரிக்குக் கிடைக்கும் ஒளி மேல்வரிக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே விளக்கைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் கொண்டுவந்தால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக உயரும். பிரதிபலிக்கும் தகட்டைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டால் மேலும் சமனாகும். அப்படியானால் நான்கடி நீட்டலாமே என்று கேட்கலாம். விளக்கு படிப்பவரின் முதுகுக்குப் பின்னே போய்விட்டால் அவர் நிழலே தாளின்மேல் விழும். ஆகவே இரண்டடிக் கை என்பதே நடுவழி. விளக்குக் கூண்டின் முன்பக்கத்தில் நான்கு அங்குலம் கீழே இறங்கும் விளிம்பு இருக்கவேண்டும். அதுவே ஒளி கண்ணில் நேராகக் குத்தாமல் காக்கும்.

4 அடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு இதற்குப் போதும். நாள்தோறும் மாலை 6.30 முதல் 9.30 வரை எரித்தால் ஒரு நாளைக்கு 60 வாட்-மணி, மாதத்திற்கு 1.8 யூனிட். மின்கட்டணம் ஆகுமே என்று மன்றக் கூட்டத்தில் எவரேனும் ஆட்சேபித்தால் இக்கணக்கை அவருக்குக் காட்டுக. நேரம் குறித்துத் தானே எரிந்து அணையும் சுவிட்சு கிடைக்கிறது. அதை வைத்துவிட்டால் விளக்கு பகலிலும் எரிகிறது என்ற புகாருக்கு இடமில்லை. நீலச்சாயலுள்ள வெள்ளை விளக்கைவிட மஞ்சள் சாயலுள்ள விளக்குக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். ஈசல் பறக்கும் நாட்களில் இதன் அருமை தெரியும்.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது

இந்தப் பகுதியை வாசகர்கள் விரைந்து கடந்துவிட வேண்டாம். நான் முன்பு பார்த்த ஓர் ஊரில் பலகையின் சட்டம் முழுவதும் இரும்பால் ஆனது. விளக்குக்குச் சென்ற வயர் அதன் கூர்விளிம்பில் உராய்ந்து தோல் உரிந்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை. மழை நாளொன்றில் பள்ளி விட்டு வந்த சிறுவன் ஒருவன் சட்டத்தைத் தொட்டதும் தூக்கி எறியப்பட்டான். பையன் பிழைத்தான். அந்தச் சட்டத்திற்கு நிலத்தொடர்புக் கம்பியே கிடையாது என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஆதலால் சட்டம் மரமாகவே இருக்கட்டும். விளக்கின் உலோகக் கூண்டிற்கு நிலத்தொடர்பு கொடுப்பது கட்டாயம். வயர் முழுவதும் குழாய்க்குள் செல்லவேண்டும். இணைப்பு அலுவலகத்தின் உட்பலகையிலிருந்து, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் மின்கசிவு தடுப்புக் கருவி வழியாக வரவேண்டும். தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போட்டு எடுப்பது சட்டவிரோதம் மட்டுமன்று, அபாயமும் ஆகும். செலவு சற்றுக் கூடினாலும் பாதகமில்லையென்றால், 12 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. பட்டைகளைப் பொருத்தி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கருவியைக் கட்டடத்தின் உள்ளேயே வைத்துவிடலாம். சாரல் படும் இடங்களுக்கு இம்முறையே மேல் என்பது என் அபிப்பிராயம். வேலை உரிமம் பெற்ற மின்பணியாளரால் செய்யப்படவேண்டும். உறுப்பினரின் மைத்துனருக்குக் கொஞ்சம் தெரியும் என்பது போதாது.

பலகையை நடத்துவது

விளக்கு போட்டாகிவிட்டது, இனிப் பலகையில் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு தாளின் வலது மேல்மூலையில் தொங்கவிட்ட தேதியும் எடுக்கவேண்டிய தேதியும் கையால் எழுதப்படட்டும். கெடு உள்ள அறிவிப்புகள் எப்போதும் கண்மட்டத்தில், நடுவில். பாராட்டு விளம்பரங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் இப்பலகையில் இடமில்லை என்று மன்றமே தீர்மானம் செய்துவிடுவது செயலரைப் பல சங்கடங்களிலிருந்து காப்பாற்றும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுவதற்கான பொருள்நிரல், வரவு செலவுச் சுருக்கத்தோடு முன்கூட்டியே தொங்கவேண்டும். தலைப்பு எழுத்துகள் இரண்டு அங்குல உயரமிருந்தால் 20 அடி தூரத்தில் தெருவில் செல்பவரும் இன்ன செய்தி என்று அறிந்து நிற்பார். பெயர்ப் பட்டியல்களை இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கி அச்சிடுவதைவிட, கூடுதலாக ஒரு தாள் செலவிடுவது மேலானது.

பலகை அமைந்த முதல் நாள் மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டியபின், அறுபது வயது கடந்த, எழுத்தறிந்த ஒருவரை அழைத்து, பலகைக்கு 3 அடி முன்னால் நிற்கச் சொல்லி, கீழ் வரிசையில் கடைசித் தாளின் கடைசிப் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் விளக்குக் கையை அரை அங்குலம், ஓர் அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்தியும், தகட்டைச் சாய்த்தும் பார்த்து, அவர் படித்து முடித்த பிறகே ஆணியை இறுக்கச் சொல்லுங்கள்.