உழவு இயந்திரத்தில் மாற்றிய கிளச் பெயாரிங் விரைவிற் கெடுவதேன்?

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள எத்தாளை மணற்பாங்கான ஊர். இத்தகைய நிலத்தில் உழும் இயந்திரத்தின் கிளச்சைப் புதுப்பித்த சில வாரங்களிலேயே பெயாரிங் மீண்டும் இரைவதுண்டு. காரணத்தை அறியாது மற்றொன்றைப் பூட்டினால் அதுவும் கெடும். இயந்திரத்தைப் பிரிக்கும் கூலி இரட்டிப்பாகும். வெங்காய நடுகைக் காலமும் தவறும்.

ஓசையால் அறிதல்: கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. மிதியை அழுத்தும்போது இரைந்தால், பெரும்பாலும் கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கே பழுதாகும். அழுத்தியதும் இரைச்சல் நின்றால், கியர்ப்பெட்டியின் முன் தண்டிலுள்ள பெயாரிங்கைச் சோதிக்கவேண்டும்.

கழற்றியபின் அறிதல்:

1. நீலம் பாரித்திருப்பின், மிகுந்த வெப்பம் ஏறியுள்ளது. மிதியில் தளர்வின்மையும், சாரதி ஓயாது மிதியில் கால் வைத்திருப்பதும் காரணங்களாம்.
2. ஒரு புறம் மட்டும் தேய்ந்திருப்பின், கவை தேய்ந்திருக்கலாம்; அல்லது கிளச் விரல்கள் சமவுயரத்தில் இல்லை.
3. உலர்ந்து கரகரப்பின், மணல் புகுந்துள்ளது. அல்லது மூடிய பெயாரிங்கை மண்ணெண்ணெயிற் கழுவியதால் உள்ளிருந்த கிறீஸ் நீங்கியுள்ளது.

பூட்டும் முறை: பெயாரிங்கைக் கழுவாது, தூய துணியால் துடைக்க. மணல் பறக்காத இடத்திற் பூட்டுக. கியர்ப்பெட்டியின் பாரம் தண்டில் தொங்கலாகாது. மிதியின் தளர்வைக் கைநூலிற் கூறிய அளவில் அமைக்க.

கிளச் தட்டுத் தேயத்தேய இத்தளர்வு குறைந்துகொண்டே வரும். ஆதலின் பூட்டிய அன்று சரியாயிருந்த இயந்திரமும் பின்னர் பெயாரிங்கை எரிக்கக்கூடும். தளர்வை இடையிடையே சோதித்துத் திருத்தும் கமக்காரர் இந்நட்டத்தைத் தவிர்க்கலாம்.