காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சிப் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இணையத்தில் ரெஸ்யூம் தயாரித்துத் தரும் தளங்களில் எதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். ஆனால் தளத்தைத் திறப்பதற்கு முன்னால் நீ செய்யவேண்டிய வேலைதான் பெரிது.

எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். சம்பா அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு இரவும் பகலும் காத்துக் கிடந்தவன் அவர்களில் ஒருவன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை மறுபடி கொட்டிக் காயவைத்திருக்கிறான். 40 கிலோ சிப்பங்களை எண்ணிச் சரிபார்த்திருக்கிறான். வங்கியில் பணம் ஏறும்வரை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான். கேட்டால், “அனுபவம் ஒண்ணும் இல்லை சார்” என்பான். கந்தூரி நாட்களில் நாகூர் தர்கா வாசல் கடையில் கல்லாவையும் சரக்கையும் ஒருசேரப் பார்த்துக்கொண்ட பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவனும் அப்படித்தான். இதையெல்லாம் வேலையென்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அதனால் முதல் வகுப்பில் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேள். எத்தனை மூட்டை? கணக்கு யார் எழுதினார்கள்? எண்ணிக்கை குறைந்தபோது என்ன செய்தாய்? பதிலைத் தமிழிலேயே தாளில் எழுதச் சொல். ஆங்கிலம் பிறகு வரட்டும். இந்தத் தாள் இல்லாமல் தளத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் தெரியுமா? இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் சுயவிவரம் எழுதித் தந்துவிடுகிறது. கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர், புதியதைக் கற்கும் ஆர்வம் உள்ளவர் என்று வகுப்பு முழுவதற்கும் ஒரே வரி. நேர்முகத் தேர்வில் “இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்” என்றால் பிள்ளை வாயடைத்து நிற்கும். சிப்பம் எண்ணியதை எழுதியவன் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவான். ஒன்று கவனி: செய்யாததைச் சேர்க்க ஒருபோதும் இடம் கொடுக்காதே.

அடுத்தது பெயர். தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பதோ பெயரும் இனிஷியலும். முகமது என்ற ஒரே பெயர் மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்துக்கூட்டிலும், ஆதாரில் இன்னொன்றிலும், பாஸ்போர்ட்டில் வேறொன்றிலும் இருக்கும். நாகூரில் இது சின்ன விஷயமில்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை வீடுகள் பதறின! பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. எல்லா ஆவணங்களையும் ஒருசேரக் கொண்டுவரச் சொல். எழுத்து மாறியிருந்தால் படிக்கும்போதே திருத்த விண்ணப்பிக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ரெஸ்யூமிலும் எழுதட்டும்.

அடுத்தது வடிவம். ரஜூலா என்ற பயணிகள் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய காலத்தில், முன்பே போயிருந்த உறவினரின் ஒரு வார்த்தை வேலை வாங்கிக் கொடுத்தது. இன்று பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள். இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அலங்கார வடிவங்களை அது பல நேரம் தாறுமாறாகப் படித்துவிடும். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்து, ஒரு பக்கம், பிடிஎஃப். ‘ஆங்கிலம் 80 சதவீதம்’ என்று வண்ணப் பட்டை போடுவதை நீக்கிவிடு; எதில் எண்பது என்று யாருக்கும் தெரியாது. மதம், சாதி, ஆதார் எண், முழு வீட்டு முகவரி எதுவும் தேவையில்லை. வளைகுடா நிறுவனம் புகைப்படமும் பாஸ்போர்ட் விவரமும் கேட்டால் அதற்கென்று தனிப் பிரதி வைத்துக்கொள்ளலாம்.

தளங்களுக்கு வருகிறேன். பல தளங்கள் இலவசம் என்று அழைத்து, எல்லாம் நிரப்பி முடித்த பிறகு தரவிறக்கப் பணம் கேட்கும். கார்டு எண் கொடுத்தால் மாதாமாதம் பிடித்தமாகும். பிள்ளைகள் செல்போனில்தான் செய்கிறார்கள், கவனிக்க மாட்டார்கள். கூகுள் டாக்ஸ் வடிவமே போதும். ஐரோப்பாவில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோபாஸ் இலவசமாக இருக்கிறது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையத்திலும் எல்லோரையும் பதியவை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் முடித்த படிப்புகளின் சான்றிதழை அவர்கள் மறந்தே போயிருப்பார்கள். தேடி எடுத்துச் சேர்.

வெளிநாட்டு வேலை என்று ஒருவர் ரெஸ்யூமை வாட்ஸாப்பில் கேட்டால், அவர் பதிவுபெற்ற முகவரா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே அனுப்பச் சொல். 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் தவறாமல் பலகையில் ஒட்டு.

முதல் தொகுதி தயாரானதும் எனக்கு அனுப்பு. பிள்ளைகளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டு அனுப்பு. அவர்கள் தமிழில் எழுதிய தாள்களும் கூட வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகக் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்