நீரை வெறுக்கும் கரி

நுழையும்முன்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. யாவரும் அறிந்த இந்த எளிய உண்மையே, சேற்றோடு ஒழுகிப்போகும் நிலக்கரித் தூளை மீட்டெடுக்கும் தொழில்நுட்பமாக வளர்ந்துள்ளது.

வீணாகும் வளம்

இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலைக்குக் கற்கரி இன்றியமையாதது. கற்கரியாக மாற்றத்தக்க நிலக்கரி, இந்தியாவில் ஜார்க்கண்டின் ஜாரியா பகுதியில் சிறப்பாகக் கிடைக்கிறது. ஆயினும், அதனுள் களிமண் முதலிய கனிமங்கள் மிகுந்துள்ளன. கரி எரிந்தபின் அவையே சாம்பலாக எஞ்சுகின்றன. எனவே, நிலக்கரியைக் கழுவித் தூய்மை செய்கின்றனர். பெரிய துண்டுகளை அடர்த்தி வேறுபாட்டால் எளிதில் பிரிக்கலாம். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை அவ்வாறு பிரித்தல் கடினம். அவற்றைக் கைவிட்டால் அரிய வளம் வீணாகும், நீர்நிலையும் மாசுறும்.

எண்ணெயின் பணி

இச்சிக்கலுக்குத் தீர்வாவது நுரை மிதப்பு முறை. நிலக்கரி இயல்பிலேயே நீரை வெறுப்பது. களிமண்ணும் குவார்ட்சும் நீரை விரும்புபவை. கரித்தூள் கலந்த நீரில் சிறிதளவு டீசலை ஊற்றி விரைந்து கலக்குவர். ஹைட்ரோகார்பன்களாலான டீசல் நீரில் கரையாது. நுண்துளிகளாகச் சிதறிக் கரித்துகள்களின்மீது படலமாகப் பரவும். அதனால் கரியின் நீர்வெறுப்பு மேலும் வலுப்பெறும். இவ்வாறு துகளைக் குமிழியோடு சேர்க்கத் துணைபுரிவதே ‘சேகரிப்பான்’. பின்னர்ப் பைன் எண்ணெய் போன்ற நுரை உருவாக்கியைச் சேர்த்துக் காற்றைச் செலுத்துவர். குமிழிகளைப் பற்றிக்கொண்டு கரித்துகள்கள் மேலெழும். களிமண் நீரிலேயே தங்கும். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்து நீரை வடித்தால் தூய கரி கிடைக்கும்.

அளவே அறிவு

எண்ணெய் குறைந்தால் கரி கழிவோடு போகும். மிகுந்தாலோ செலவு பெருகும், நுரை குலையும், கனிமம் கலந்த துகள்களும் உடன் ஏறிவரும். நெடுநாள் காற்றுப்பட்ட கரியின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றமடைந்து நீரை விரும்பத் தொடங்கும். அதன்மீது டீசல் எளிதில் பரவாது. ஆதலால், எண்ணெயைப் பெருக்குவதைவிடக் கரியைக் காலந்தாழ்த்தாது கழுவுதலே சிறந்தது. பொருளின் இயல்பை அறிந்து அதற்கு அளவோடு துணைநிற்பதே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை.

தெரியுமா?

1898ஆம் ஆண்டளவில் எல்மோர் உருவாக்கிய முறையில், தாதுவைப் பிரிக்கப் பேரளவு எண்ணெய் தேவைப்பட்டது. 1905இல் காப்புரிமை கோரப்பட்ட முறையிலோ, காற்றுக்குமிழிகளின் துணையால் தாதுவின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான எண்ணெயே போதுமானதாயிற்று.

கற்பவை கற்றபின்

1. நுரை மிதப்பு முறையில் எண்ணெய், காற்று, நீர் ஆகியவற்றின் பணிகளை வரிசைப்படுத்துக.
2. ‘அளவே அறிவு’ என்னும் தலைப்பின் பொருத்தத்தை வகுப்பில் கலந்துரையாடுக.