சளிக்காய்ச்சலும் நனோ மருந்தும்



மழையும் பனியும் தொடங்கிவிட்டால் லயத்துக்கு லயம் இருமல் சத்தம்தான். ஒரு காம்பராவில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இதில் பெரும்பாலானவை வைரஸ் கிருமியால் வருபவை. வைரஸுக்கு அன்டிபயோடிக் வேலை செய்யாது. அதனால்தான் விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். அதில் ஒன்று நனோ மருத்துவம்.

நனோ என்றால் என்ன?

ஒரு மீற்றரை நூறு கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். கொவிட் வைரஸின் அகலம் ஏறக்குறைய 100 நனோமீற்றர். ஒரு தலைமுடியின் அகலத்தில் பல நூறு வைரஸை வரிசையாக வைக்கலாம். மருந்தையும் அதே அளவுக்குச் சின்னதாக்கி உடம்புக்குள் அனுப்புவதே நனோ மருத்துவம்.

எப்படி வேலை செய்கிறது?

2021 கடைசியில் நம் நாட்டில் மூன்றாவது கொவிட் ஊசியாகப் பைசர் போட்டார்கள். அது நனோ மருந்துதான். அதில் எம்.ஆர்.என்.ஏ. என்ற செய்தி இருக்கிறது. கிருமியின் மேலுள்ள முள் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு அது சொல்லிக்கொடுக்கும். அந்த முள்ளைப் பார்த்துப் பழகிய உடம்பு, நிஜக் கிருமி வந்தால் உடனே எதிர்க்கும்.

கடுதாசியைச் சும்மா கொண்டுபோனால் மழையில நனைஞ்சு கிழிஞ்சிடும். பொலித்தீன் உறையில போட்டா பத்திரமா போய்ச் சேரும். அந்த உறைபோலத்தான் நனோ அளவுள்ள கொழுப்பு உருண்டை. செய்தியை உடம்பு வெறுக்காதபடி மாற்றிய கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023இல் நொபெல் பரிசு கிடைத்தது.

மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கும் இதே முறையில் செய்த ஊசி, 2024இல் அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. மூக்கு வழியாக, நுரையீரலுக்கு நேரே மருந்து அனுப்பும் ஆராய்ச்சியும் நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

1. வந்த சளியை உடனே மாற்றும் நனோ மாத்திரை கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

2. மிச்சம் வைத்த அன்டிபயோடிக்கைப் புள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

3. புள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தாலும், நெஞ்சு உள்ளே இழுத்தாலும், பால் குடிக்காவிட்டாலும் ஆபத்து.

அப்படியானால் விடியட்டும், பேர் போட்டுட்டுப் போவோம் என்று இருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். காசு கேட்க மாட்டார்கள். ஒருநாள் சம்பளத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.