மின்னும் விளக்கு, பழி சுமக்கும் கியர்பாக்ஸ்

1990களில் வந்த ஃபோர்டு எஃப்-150, எஃப்-250 பிக்கப்கள் வட அமெரிக்காவில் இன்னும் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இருப்பது 1989-இல் அறிமுகமான ஈ4ஓடி என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அதன் ‘ஓவர்டிரைவ் ஆஃப்’ விளக்கு மின்னத் தொடங்கினால், உரிமையாளருக்கு ஆளுக்கொரு யோசனை வந்து சேரும்.

நம்பிக்கை: ஓவர்டிரைவ் பொத்தானில் கை பட்டிருக்கும், அதனால்தான் விளக்கு எரிகிறது.
உண்மை: அணையாமல் நின்று எரிந்தால் அப்படித்தான், நான்காவது கியரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கனமான டிரெய்லர் இழுக்கும்போது அது நல்லதும்கூட. விட்டு விட்டு மின்னினால், கியர் மாற்றத்தைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் ஏதோ கோளாற்றைக் கண்டிருக்கிறது என்று பொருள்.

நம்பிக்கை: மின்னினால் கியர்பாக்ஸ் போச்சு.
உண்மை: கம்ப்யூட்டர் பார்ப்பது மின் சமிக்ஞைகளை. கோளாறு பெரும்பாலும் வெளியிலேயே இருக்கக்கூடும். கியர் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சென்சாருக்குள் தண்ணீர் புகுந்தால் தவறான தகவல் போகும். 1992 முதல் 1996 வரையிலான வண்டிகளில் வேகத்தைச் சொல்லும் சென்சார் பின் அச்சின் டிஃபரன்ஷியல் மேல் உட்கார்ந்திருக்கும். விளக்கு மின்னும்போது ஸ்பீடோமீட்டர் முள்ளும் துள்ளினாலோ சுழியத்துக்கு விழுந்தாலோ, முதல் சந்தேகம் அதன்மேல்தான். துருப்பிடித்த எர்த் இணைப்பும், வெப்பத்தில் உருகிய வயரும்கூட இதே விளக்கை மின்ன வைக்கும்.

நம்பிக்கை: கியர் உதைத்து உதைத்து விழுகிறது, உள்ளே தேய்ந்துவிட்டது.
உண்மை: கோளாறு தெரிந்ததும் கிளட்சுகள் வழுக்கி எரிந்துவிடாதபடி கம்ப்யூட்டரே ஆயில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அந்த உதை சில நேரம் தற்காப்பு. ஆனால் எஞ்சின் உறுமியும் வண்டி நகராமல் வழுக்கினால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.
உண்மை: அணைவது விளக்கு மட்டுமே, கூடவே கம்ப்யூட்டரின் நினைவில் இருந்த கோளாறுக் குறியீடும் அழியும். அதே சூடு, அதே வேகம், அதே குலுக்கல் வந்ததும் விளக்கும் திரும்ப வரும்.

நம்பிக்கை: கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினால் போதும்.
உண்மை: வயர் அறுந்ததற்கு ஆயில் மருந்தாகாது. ஆனாலும் ஆயிலைப் பார்ப்பது முதல் வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடேறிய பின், எஞ்சின் ஓடும்போதே கியர்பாக்ஸின் ஆயில் அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள். அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தவறும். பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால்தான் உள்ளே தேய்மானம் என்று அஞ்ச வேண்டும்.

நம்பிக்கை: குறியீடு சொல்லும் பாகத்தை மாற்றிவிடலாம்.
உண்மை: குறியீடு காட்டுவது சுற்றை, பாகத்தை அல்ல. பி0750 என்றால், கியரை மாற்றும் மின் வால்வுகளில் ஒன்றான முதல் ஷிஃப்ட் சோலினாய்டின் சுற்றில் கோளாறு. அது சோலினாய்டாகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பாகம் வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை கட்டாயம் என்பதால், சாதாரண ஸ்கேனரே குறியீட்டைப் படித்துவிடும். அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பழைய முறை தெரிந்த மெக்கானிக் வேண்டும்.

விளக்கு மின்னும்போது மழையா, வெயிலா, என்ன வேகம், என்ன சுமை என்று குறித்து வையுங்கள். குறியீட்டைப் படிக்காமலே புது கியர்பாக்ஸுக்கு விலை சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.