காற்றுக்கு வழி விட்டால் எண்ணெய் இறங்கும்

கேள்வி: மரச்செக்கில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி, லிட்டர் பாட்டிலில் அடைத்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். புனலை வைத்து ஊற்றினால் கொஞ்சம் இறங்கும், உடனே நின்றுவிடும். பிறகு ‘குளுக் குளுக்’ என்று விட்டுவிட்டு இறங்கும். சில நேரம் எகிறி முகத்தில் தெறிக்கிறது. பெரிய புனலாக வாங்கிப் பார்த்தேன், அதே கதைதான். எனக்குத் தோதாக ஒரு புனலை நானே செய்துகொள்ள முடியுமா?
— வாசகி, காங்கேயம்

பதில்: முடியும். ஆனால் செய்வதற்கு முன் எதைத் திருத்தப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தொல்லை கொடுப்பது எண்ணெய் அல்ல, காற்று. ஒரு லிட்டர் எண்ணெய் உள்ளே போக வேண்டுமானால் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். உங்கள் புனல் பாட்டில் வாயில் மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. காற்று எந்த வழியாக வரும்?

கணக்கைப் பாருங்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 11 மீட்டர் உயர எண்ணெயின் அழுத்தத்துக்குச் சமம். உங்கள் புனலில் நிற்கும் எண்ணெயோ 10 சென்டிமீட்டர். அந்த உயரத்தால் பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றை நூற்றில் ஒரு பங்குதான் நெருக்க முடியும். அதாவது லிட்டர் பாட்டிலில் சுமார் 10 மில்லி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் இறங்கியதும் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு காற்று குமிழாகப் புனலின் குழல் வழியே மேலேறினால்தான் எண்ணெய்க்கு இடம். ஒரே குழலில் காற்று ஏற, எண்ணெய் இறங்க, ஒற்றையடிப் பாலத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்த கதை. முகத்தில் தெறிப்பது அந்தக் குமிழ் உடையும்போது சிதறும் எண்ணெய்தான். பெரிய புனல் வாங்கியும் மாறாததற்குக் காரணம் இதுவே. எடை கூடியதால் அது பாட்டில் வாயில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

புனலுக்கு வைத்தூற்றி என்றும் ஒரு பெயர் உண்டு. ‘வைத்து’ ஊற்றுவதில்தான் வில்லங்கம். நான் சிறுவனாக ரேஷன் கடை வரிசையில் நின்ற நாட்களில், மண்ணெண்ணெய் அளப்பவர் புனலைக் கேனில் வைக்கவே மாட்டார். இடது கையால் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டே ஊற்றுவார். கேன் ஒரு சத்தமும் போடாமல் நிறையும். நீங்கள் செய்யவிருக்கும் புனல் அந்த இடது கையின் வேலையைச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் பாட்டில் கழுத்தின் உள் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழலின் வெளிவிட்டம் 16 மி.மீ., உள்விட்டம் 14 மி.மீ. இருக்கட்டும். குழலின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக 2 மி.மீ. கனமுள்ள கம்பி மூன்றைச் சம இடைவெளியில் பற்றவைக்கச் சொல்லுங்கள். கம்பிகளை நேராக மேலே கொண்டுபோய், கூம்பின் அடிப்பகுதியிலும் இரண்டு விரல் உயரத்துக்கு ஓட விட வேண்டும். அப்போதுதான் கூம்பு பாட்டில் வாயில் பதியாமல் கம்பிகளின் மேல் நிற்கும். எண்ணெய் குழலுக்குள்ளே இறங்கும், காற்று கம்பிகளுக்கு நடுவே வெளியேறும்.

குழலை அகலமாக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கெட்டியான திரவம் குழாயில் ஓடும் அளவு விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும். விட்டம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. 8 மி.மீ. குழலை 14 ஆக்கினால் கணக்குப்படி 9 மடங்கு. குழல் குட்டையாக இருப்பதால் நடைமுறையில் இவ்வளவு வராது என்றாலும், வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். குழலின் நீளம் 5 செ.மீ. போதும். பாட்டில் கழுத்தைத் தாண்டி நுனி நின்றால் சரி. எண்ணெய்க்கு நீளக் குழல் வீண் தடை.

சாப்பிடும் பொருள் என்பதால் ஈயப் பற்று வேண்டவே வேண்டாம். 304 ரக எவர்சில்வரில் ஆர்கான் வெல்டிங் வைக்கும் பட்டறையாகப் பாருங்கள். இன்னொன்று: காற்றுத் தடை நீங்கினால் எண்ணெய் வேகமாக இறங்கும், நிறைவது தெரியாமல் பொங்கி வழியும். லிட்டர் அளவையில் முதலில் அளந்துவிட்டுப் புனலில் கொட்டுங்கள். இல்லையென்றால், நீளக் கம்பியின் நுனியில் குழல் வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு குமிழ் வைத்துக் கூம்புக்குள் நிறுத்துங்கள். கம்பியைத் தூக்கினால் திறக்கும், விட்டால் மூடும்.

மார்கழிக் காலையில் எந்தப் புனலும் தேங்காய் எண்ணெய்க்கு உதவாது. 24, 25 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பித்துவிடும். வெயில் ஏறிய பிறகு அடையுங்கள்.

கேள்வி: முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி எடுத்துவைக்க, கழுத்தில் வலை வைத்த புனல் ஒன்று வாங்கினேன். இரண்டாவது கரண்டியிலேயே தூள் அடைத்துக்கொள்கிறது. வலை இன்னும் நைசாக இருக்க வேண்டுமா, பெரிதாக இருக்க வேண்டுமா?
— வாசகர், மணப்பாறை

பதில்: வலையின் கண் இருக்கட்டும், அது இருக்கிற இடத்தைப் பாருங்கள். 14 மி.மீ. கழுத்தில் வைத்த வலையின் பரப்பு ஒன்றரை சதுர சென்டிமீட்டர். அதே வலையை 15 செ.மீ. அகலமுள்ள புனல் வாயில் விரித்தால் 177 சதுர சென்டிமீட்டர், நூறு மடங்குக்கும் மேல். ஒரு சிட்டிகைத் தூள் கழுத்து வலையை மூடிவிடும், மேல் வலையில் ஒரு மூலையில் கிடக்கும். மலிவுக்காகவும் கழுவும் வசதிக்காகவும் கழுத்தில் வலை வைக்கிறார்கள். வடிகட்டுவதற்கு அதைவிட மோசமான இடம் புனலில் கிடையாது.

வலையைத் தட்டையாக விரிப்பதைவிடப் பை போலத் தொங்கவிடுவது நல்லது. பரப்பு கூடும், தூளும் அடியில் சேர்ந்து பக்கங்கள் திறந்திருக்கும். ஆனால் பை புனல் சுவரில் ஒட்டக்கூடாது. ஒட்டிய இடத்தில் எண்ணெய் வலையைத் தாண்டினாலும் போக வழியில்லாமல் நிற்கும். விளிம்பில் ஒரு வளையம் வைத்து, சுவருக்கும் வலைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள்.

நைசைப் பற்றி: கடையில் 40 மெஷ், 100 மெஷ் என்று கேட்டு வாங்கலாம். ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதே அந்த எண். 40 மெஷ்ஷின் கண் ஏறக்குறைய 0.4 மி.மீ., 100 மெஷ்ஷின் கண் 0.15 மி.மீ. முதலில் 40, அப்புறம் 100 என இரண்டு தடவையாக வடியுங்கள். எடுத்த எடுப்பில் 100 போட்டால் பெரிய தூளே அதை அடைத்துவிடும்.

கழுவிய வலையை ஈரத்தோடு போடாதீர்கள். நுண்ணிய கண்களில் தண்ணீர் படலம் கட்டி நிற்கும், எண்ணெயால் அதை எளிதில் தள்ள முடியாது. தள்ளினால் தண்ணீர் எண்ணெயில் சேரும், அடுத்த முறை வாணலியில் வெடிக்கும். எண்ணெய் நன்றாக ஆறிவிட்டால் கெட்டிப்பட்டுத் தாமதமாகும். கை பொறுக்கும் சூட்டில் வடிப்பதே பதம். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பிளாஸ்டிக் புனலில் ஊற்றினால் புனலே இளகும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பித்தளை காபி ஃபில்டரில் சில நாள் டிகாக்‌ஷன் இறங்கவே இறங்காது. மாமியார் மேல் பாத்திரத்தை லேசாகத் திருகித் தூக்குவார், உடனே சொட்டத் தொடங்கும். கைராசியா, காரணம் இருக்கிறதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கைராசிதான், காரணத்தோடு கூடிய கைராசி! மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் இறுக உட்கார்ந்துவிட்டால் கீழே உள்ள காற்று வெளியேற முடியாது. காங்கேயம் வாசகியின் பாட்டில் தொல்லை உங்கள் வீட்டில் வேறு வேஷம் போட்டு வந்திருக்கிறது. உங்கள் மாமியார் ஒரு மயிரிழை வழி திறந்துவிடுகிறார். திருகியும் இறங்கவில்லை என்றால் துளைகள் அடைத்திருக்கும். மேல் பாத்திரத்தை மட்டும் அடுப்புத் தணலில் காட்டினால் ஒட்டியிருக்கும் தூள் கருகி உதிரும். பித்தளையில் உட்புற ஈயப்பூச்சு இருந்தால் அதைச் செய்யாதீர்கள், பூச்சு உருகிவிடும். பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

காகிதம் வைத்து வடிக்கும் காபிப் புனல்களிலும் இந்தப் பாடம் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளையிட்டு, மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து வைத்துக் காபி வடித்தார். 1908-இல் அதற்கு உரிமம் பதிந்தார். இன்றைய கூம்புப் புனல்களின் உட்புறத்தில் மேடுமேடாக வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் ஹரியோ நிறுவனத்தின் வி60-இல் அவை சுழன்று இறங்கும். அழகுக்கு இல்லை. நனைந்த காகிதம் வழவழப்பான சுவரில் அப்பிக்கொண்டால் நுனி வழியாக மட்டும்தான் காபி இறங்கும். வரிகள் காகிதத்தைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, காற்றுக்கும் காபிக்கும் வழி விடுகின்றன.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் உள்ள கண்ணாடிப் புனலின் வால் ஏன் இவ்வளவு நீளம்? நுனியை ஏன் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள்? கூம்பு 60 டிகிரி என்று ஆசிரியர் சொன்னார். அது ஏன்?
— பத்தாம் வகுப்பு மாணவர், தென்காசி

பதில்: தம்பி, மூன்றும் நல்ல கேள்வி. 12 செ.மீ. விட்டமுள்ள வட்டமான வடிதாளை எடு. இரண்டாக மடி, மறுபடி நான்காக மடி. ஒரு பக்கம் மூன்று மடிப்பு, மறு பக்கம் ஒரு மடிப்பு வருமாறு விரித்தால் கூம்பு கிடைக்கும். அதன் சரிவு 6 செ.மீ., அதாவது தாளின் ஆரம். வாயின் சுற்றளவு தாளின் சுற்றளவில் பாதி, அதனால் வாயின் விட்டமும் 6 செ.மீ. பக்கவாட்டில் பார்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அதன் கோணம் 60 டிகிரி இல்லாமல் வேறென்ன? புனலுக்காகத் தாள் அல்ல, தாளின் மடிப்புக்காகப் புனல்.

வாலின் கதை இதுவரை சொன்னதற்கு நேர் எதிர். இங்கே குழலுக்குள் காற்று வரக்கூடாது. தாளை நனைத்து விளிம்பைச் சுவரோடு அழுத்தி ஒட்டச் சொல்வது அதற்காகத்தான். குழல் முழுக்கத் தண்ணீர் நின்றால் அந்த நீர்த்தூண் தன் எடையால் கீழே இழுக்கும், மேலே வடிதல் வேகப்படும். நடுவில் காற்று புகுந்தால் அந்த இழுப்பு அறுந்துவிடும். ஆனால் கீழே உள்ள பீக்கரில் வாய் திறந்திருப்பதால் அங்கே காற்றுக்கு வழி இருக்கிறது. சாய்ந்த நுனியைப் பீக்கரின் சுவரில் தொடும்படி வை. சொட்டு தெறிக்காது, ஒழுக்கும் அறாது.

கேள்வி: ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்து நடுக்கடலில் என்ஜின் நின்றுவிடுகிறது. தண்ணீரைத் தடுக்கும் புனல் இருக்கிறதா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: இருக்கிறது. டெஃப்லான் பூசிய நுண்வலை வைத்த எரிபொருள் புனல். அந்த வலையைத் தண்ணீர் நனைக்காது, மண்ணெண்ணெய் நனைக்கும். ஆகவே மண்ணெண்ணெய் உள்ளே போகும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு அடியில் தங்கும். அடியில் சேர்ந்த தண்ணீரை அவ்வப்போது கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள், நிரம்ப விட்டால் அதன் எடையே வலையைத் தாண்டச் செய்யும். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், சோப்பு ஒட்டியிருந்தால் தண்ணீரும் வலையை நனைத்து உள்ளே போய்விடும். வாங்கியதும் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. கூடவே, கேன் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கட்டும். தண்ணீர் கனம், அடியில் போய்விடும். கடைசி இரண்டு விரல் உயரத்தை டேங்கில் ஊற்றாமல் விடுங்கள்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் காற்றுக்குழாயும் மேலே கழற்றும் வடிகட்டியும் வைத்துப் புனல் ஒன்று செய்திருக்கிறேன். காப்புரிமை வாங்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காற்றுக்குழாய் வைத்த புனலும் கழற்றும் வடிகட்டி வைத்த புனலும் முன்பே உலகில் உண்டு. அவற்றைச் சேர்த்தது மட்டும் போதாது. யாரும் எளிதில் யோசித்திராத ஒன்று உங்களுடையதில் இருந்தால்தான் காப்புரிமை நிற்கும். இருக்கிறது என்று நம்பினால், விற்கவோ பொருட்காட்சியில் வைக்கவோ செய்வதற்கு முன்பே சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் கொடுங்கள். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. கிடைத்தால் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. புதுமை தோற்றத்தில் மட்டும் என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. அது உருவத்தைக் காக்கும், வேலை செய்யும் முறையைக் காக்காது.

விண்ணப்பம் கொடுத்த மறுநாள், நாளுக்கு நூறு பாட்டில் அடைக்கும் ஒருவர் கையில் உங்கள் புனலைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். எப்போதாவது அவர் அதை இடது கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தால், உங்கள் காற்றுக்குழாய் இன்னும் போதவில்லை என்று அர்த்தம். பட்டறைக்குத் திரும்புங்கள்.